பண்டிதமணி கதிரேசச் செட்டியாரும் மேலைச்சிவபுரிச் சபையும்

பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் பள்ளியில் பயின்ற காலம் ஏழு திங்கள். பிற்காலத்தில் அவர் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தார். இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்னால் போதும். கேட்பவர் வியப்பர், சொல்பவர் நிறைவுறுவர். தமிழ் கற்பிக்கும் எம்மனோர் பலரும் ஆண்டுதோறும் இதனை வகுப்பறையில் சொல்லி வருகின்றோம். படிக்காத பிள்ளையைக் கடிந்துகொள்ள இதனினும் எளிய கருவி வேறில்லை.

யானும் அக்கருவியை எடுத்தவனே. சில ஆண்டுகளுக்கு முன்னர், பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தவறிய மாணவன் ஒருவனை எழுப்பி நிறுத்தி, ஏழு திங்களே பள்ளி சென்றவர் எட்டிய உயரத்தையும், பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளி சென்று கல்லூரிக்கும் வந்துவிட்ட அவன் நின்ற இடத்தையும் ஒப்பிட்டுப் பேசினேன். கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வருபவன்; தன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தவன். அவன் மறுமொழி கூறவில்லை. வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, பண்டிதமணி தமக்கு ஐயம் தோன்றியபோது யாரிடம் கேட்டார் என்று மட்டும் வினவினான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடிப் பண்டிதமணியின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை படித்ததன் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

மகிபாலன்பட்டி இன்று சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டத்தில் உள்ளது. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் பிறந்த பூங்குன்றம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. இவ்வூரில் நாட்டுக்கோட்டை நகரத்தார் குடியில், முத்துக்கருப்பன் செட்டியாருக்கும் சிவப்பி ஆச்சிக்கும் மகனாக 16-10-1881 அன்று கதிரேசர் பிறந்தார்.

ஊர்த் திண்ணைப் பள்ளியில் ஏழு திங்கள் பயின்றார் என்றோம். அக்காலத் திண்ணைப் பள்ளியை இக்கால மாணவர் பலரும் அறியார். மணலில் விரலால் எழுதுவது, ஆத்திசூடியையும் உலகநீதியையும் நெட்டுருச் செய்வது, எண்சுவடி கொண்டு கணக்குப் பழகுவது, மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது ஆகியவையே அங்குக் கல்வி. ஏழு திங்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கவும், சில நீதிநூல்களை ஒப்பிக்கவும், கூட்டிப் பெருக்கவும் ஒரு சிறுவன் பழகியிருக்கக்கூடும், அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை. மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறையை இகழ வேண்டுவதில்லை என்பதை மட்டும் இங்குக் குறித்துச் செல்கிறேன். 1790-களில் சென்னை எழும்பூரில் ஆண் அனாதையர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், மண்ணில் எழுதிப் பயிலும் உள்நாட்டுப் பள்ளியைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தி, பின்னர் இங்கிலாந்திற்கும் கொண்டு சென்றார். அங்கே அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

பதினோராம் வயதில் கதிரேசர் வாணிகத்தின்பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். நகரத்தார் குடியில் இது வழக்கமே. கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த கடைகளுக்குச் சிறுவர்கள் பெட்டியடிப் பையன்களாகச் சென்று, கணக்கெழுதப் பழகி, அடுத்தாளாகி, பின் மேலாளாக உயர்வது அவர்தம் தொழிற்கல்வி. நாள்தோறும் குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டிப் பார்க்கும்வரை அக்கடைகளில் ஒரு கணக்கு முடிந்ததாகாது. பண்டிதமணியின் பிற்காலத்து ஒழுங்கான படிப்பிற்கு வித்து இக்கணக்குப் பழக்கத்தில் விழுந்திருக்கலாம் என்பது என் கருத்து. அவர் அவ்வாறு எங்கும் எழுதியதாகக் கொண்டு நான் சொல்லவில்லை. வரவையும் செலவையும் அன்றன்றே நேர்செய்து பழகிய ஒருவர், கற்றதையும் கல்லாததையும் அவ்வாறே நேர்செய்து பார்ப்பது இயல்பு என்ற அளவில் சொல்லுகிறேன்.

தந்தையார் மறைந்ததால் சில ஆண்டுகளிலேயே ஊர் திரும்ப நேர்ந்தது. காலும் நோயுற்று ஊனமடைந்தது. வாழ்நாள் முழுதும் ஊன்றுகோலைத் துணைக்கொண்டே அவர் நடந்தார். கடல்கடந்து தொழில் செய்வதே பெருமை எனக் கருதிய ஒரு குடியில், தந்தையை இழந்து, கால் தளர்ந்து, வீட்டோடு இருக்க நேர்ந்த இளைஞர் ஒருவரின் மனநிலையை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உற்றார் உறவினர் இரங்குவர்; இரக்கம் சில வேளைகளில் ஏளனத்தினும் கொடிது.

புத்தகமும் ஆளும்

அவர் நூல்களைத் தாமே எடுத்துப் படிக்கத் தொடங்கினார். அவர் பிறப்பதற்குச் சற்று முன்னும் பின்னுமாக ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்றோர் உழைப்பால் ஏட்டிலிருந்த இலக்கண இலக்கியங்கள் அச்சேறத் தொடங்கியிருந்தன. ஐம்பது ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருப்பின் ஏடு வைத்திருப்போர் வாயிலில் காத்துக் கிடக்க வேண்டியிருந்திருக்கும். அச்சு நூல் ஒரு பெரும் விடுதலை. ஆயினும் அச்சு நூல் கேட்ட வினாவுக்கு விடை சொல்லாது. சூத்திரம் புரியாதவிடத்து எத்துணை முறை புரட்டினும் அப்பக்கம் அப்பக்கமாகவே இருக்கும்.

இவ்விடத்தில்தான் நம் வகுப்பறைக் கதை வழி தவறுகிறது. பண்டிதமணி தாமே படித்தார், தனியே படித்தார், ஆதலால் வென்றார் என்று முடித்துவிடுகிறோம். உண்மை அவ்வாறன்று. தாமே படித்தார் என்பது மெய், தனியே படிக்கவில்லை. இலக்கணத்தில் ஐயம் எழுந்தபோது, அக்காலத்தில் தொல்காப்பியப் புலமைக்குப் பெயர்பெற்ற சோழவந்தான் அரசஞ்சண்முகனாரை நாடினார். சைவ சித்தாந்தத்திற் புகுந்தபோது காரைக்குடிச் சொக்கலிங்கையாவை அடைந்தார். வடமொழி கற்க விரும்பியபோது தருவை நாராயண சாஸ்திரியாரிடம் ஐந்து ஆண்டுகள் பாடம் கேட்டார். எதனைத் தாமே கற்க இயலும், எதற்கு ஆள் வேண்டும் என்று பிரித்தறியும் தெளிவு அவரிடம் இருந்தது. கால் ஊனமுற்ற ஒருவர், பேருந்து இல்லாத காலத்தில், ஊர்விட்டு ஊர் சென்று ஆசிரியரைத் தேடினார் என்பதை ஏழு திங்கள் கதையோடு சேர்த்துச் சொல்லாவிடின் அக்கதை பாதிப் பொய்யாகும்.

வடமொழிக் கல்வியைப் பற்றி ஒரு சொல். தமிழில் புலமை பெற்றுவிட்ட ஒருவர், மற்றொரு மொழியின் முதலெழுத்திலிருந்து தொடங்க ஒருப்படுவது எளிதன்று. அவையில் புலவராக அமர்ந்தவர் மறுநாள் காலை பாலபாடம் ஒப்பிக்கும் மாணவராக மாற வேண்டும், பிழை செய்ய வேண்டும், திருத்தப்பட வேண்டும். பெரும்பாலோர் இதற்கு நாணி, உள்ளதே போதுமென நின்றுவிடுவர். தெரியாதென ஒப்புக்கொள்வதில் இழிவில்லை என்னும் மனம் அவருக்கு எவ்வாறு வாய்த்தது? இவ்வினாவே நம்மை மேலைச்சிவபுரிக்கு அழைத்துச் செல்கிறது.

மேலைச்சிவபுரியில் ஓர் அவை

நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதிக்கு அணித்தாக உள்ளது மேலைச்சிவபுரி. அன்று அது தொண்டைமான் மன்னரின் சமத்தானத்தைச் சேர்ந்தது. மகிபாலன்பட்டியிலிருந்து நெடுந்தொலைவு அன்று. இவ்வூரில் 1909-ஆம் ஆண்டு, வ. பழ. சா. குடும்பத்தைச் சேர்ந்த பழனியப்பச் செட்டியார், அண்ணாமலைச் செட்டியார் என்னும் உடன்பிறந்தாரின் பொருளுதவியோடு கதிரேசர் சன்மார்க்க சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டுக்கும் குறைவு.

பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவியது 1901-இல். கரந்தைத் தமிழ்ச் சங்கம் எழுந்தது 1911-இல். இவ்விரண்டிற்கும் இடையே, நகரமும் அல்லாத, அரசின் தலைமையிடமும் அல்லாத ஓர் ஊரில் தமிழவை ஒன்று தோன்றி நிலைத்தது. மதுரைக்குச் சங்கப் பழமை இருந்தது. தஞ்சைக்குப் பேரரசின் நினைவு இருந்தது. மேலைச்சிவபுரிக்கு இருந்தவை சில நகரத்தார் இல்லங்களும் கதிரேசரின் ஊக்கமுமே. நூல் தொகுத்தல், பாடம் நடத்துதல், ஆண்டுவிழாக் கூட்டிப் புலவர்களை வரவழைத்தல் எனச் சபையின் பணி விரிந்தது. சபையின் வழியே எழுந்த செந்தமிழ்க் கல்லூரி கணேசர் பெயரால் விளங்கி, பின்னாளில் கலை அறிவியல் கல்லூரியாக வளர்ந்து நம் மாவட்டப் பிள்ளைகள் பலருக்குக் கல்வி தந்துவருகிறது. நம் மாணவர்களில் சிலருடைய உடன்பிறந்தார் அங்குப் பயின்றவர்களே. ஆயினும் அதன் தோற்றத்தில் ஏழு திங்கள் படித்த ஒருவரின் கை இருந்தது என்பதை அவர்கள் அறிந்திருப்பதில்லை.

தமிழவையில் என்ன நிகழும்? ஒருவர் ஒரு பாடலுக்குப் பொருள் சொல்வார், மற்றவர் மறுப்பார், சூத்திரம் எடுத்துக் காட்டுவார், வேறொரு நூலின் ஆட்சியைக் காட்டி மூன்றாமவர் இருவரையும் திருத்துவார். இத்தகைய அவையில் தொடர்ந்து அமர்பவனுக்குத் தன் கருத்துத் தவறாவது ஓர் அன்றாட நிகழ்ச்சி. நேற்றுத் தவறிழைத்தவர் இன்று திருத்துகிறார். இன்று திருத்தியவர் நாளை திருத்தப்படுவார். தெரியாதென ஒப்புக்கொள்ளும் மனம் தனிமையில் முளைப்பதன்று. அதனை இழிவாகக் கருதாத கூட்டத்தின் நடுவே முளைப்பது. பண்டிதமணி தமக்காகவே அத்தகைய ஒரு கூட்டத்தை உண்டாக்கிக்கொண்டார் என்று நான் கொள்கிறேன். பிறர்க்குக் கற்பிக்கச் சபை கண்டார் என்பர். தாம் கற்கவும் கண்டார் என்பதே பொருத்தம்.

இது நம்மவர்க்குப் புதிய செய்தி அன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் கற்கும் முறையைப் பங்கிட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்கு கொண்டாலும் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் வருவது. பவணந்தியாரின் இக்கணக்குப்படி, ஆசிரியன் பேச மாணவன் எழுதிக்கொள்ளும் நம் வகுப்பறை காற்பங்குக் கல்விக்கூடம். முக்காற்பங்கும் நாம் நடத்தாத வகுப்பில் இருக்கிறது.

பள்ளிவாசல் முற்றத்தில் ஓதி வளர்ந்த நம் பெரியோர்க்கு ஹல்கா என்னும் சொல் தெரியும். வட்டம் என்பது அதன் பொருள். ஆசிரியரைச் சூழ்ந்து வட்டமாக அமர்ந்து ஓதுவதும், ஆசிரியர் எழுந்து சென்றபின் மாணவர் தமக்குள் பாடத்தை மீட்டுப் பேசுவதும் மதரஸாக்களில் இன்றும் காணக்கூடிய வழக்கம். இரண்டாவதனை முதாகரா என்பர். கூஃபா நகரில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஒவ்வொரு சிக்கலையும் மாணவர் வட்டத்தின் நடுவே வைத்து ஆராய்ந்தனர். அவர்தம் தலைமாணவர்களான அபூயூசுபும் முஹம்மது இப்னு ஹசனும் ஆசிரியரோடு பல இடங்களில் மாறுபட்டனர். அம்மாறுபாடுகள் அழிக்கப்படாமல் ஹனபி மத்ஹபின் நூல்களில் ஆசிரியர் கருத்தோடு சேர்ந்தே இடம்பெற்றன. மாணவனின் மறுப்பையும் ஏட்டில் ஏற்றிய அவ்வட்டம் எட்டாம் நூற்றாண்டிற்குரியது.

அவையைப் புகழும்போது ஒன்றை மறத்தல் ஆகாது. அவை எல்லார்க்கும் திறந்திருந்ததில்லை. மேலைச்சிவபுரியில் சபை எழுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1904-இல், அதே சமத்தானத்தின் தலைநகரான புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்னும் மாணவி மன்னர் கல்லூரியிற் சேர முயன்றபோது, ஆண்கள் பயிலும் இடத்தில் பெண்ணா என எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைவு தந்தமையால் இடம் கிடைத்தது. பின்னர் மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் நாடறிந்த முத்துலட்சுமி ரெட்டியே அம்மாணவி. இன்று எம் துறையில் வட்டம் அமரும்போது பாதிக்கு மேற்பட்டோர் மாணவியர். முதலில் வினா எழுப்புவோரும் பெரும்பாலும் அவரே.

உளநூலார் சொல்வது

அறிவுத்திறன் பிறவியில் அமைந்து மாறாதிருப்பது எனக் கருதும் மாணவன் தோல்வியில் ஒடுங்குகிறான். முயற்சியாலும் முறையாலும் வளர்வது எனக் கருதுபவன் தோல்வியிலிருந்து கற்கிறான் என அமெரிக்க உளநூல் பேராசிரியர் கேரல் டுவெக் ஆராய்ந்து எழுதினார். 2006-இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பின் இக்கருத்து உலகெங்கும் பரவியது. இதனை வளர்மனப்பான்மை எனலாம். இதுவும் கடிந்துகொள்ளும் கருவியாக மாறுவதற்கு நெடுநாள் ஆகவில்லை. உன் மனப்பான்மை சரியில்லை என்று சொல்லிவிட்டால் ஆசிரியரின் கடமை முடிந்தது!

ஆயின் 2019-இல் வெளியான பேராய்வு ஒன்று நாம் கருத வேண்டிய செய்தியைத் தருகிறது. அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு, ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பயிற்சியால் இக்கருத்தை ஊட்டிப் பார்த்தனர். மதிப்பெண் குறைந்த மாணவரிடையே சிறிதளவு உயர்வு தென்பட்டது. அவ்வுயர்வும், உடன் பயில்வோர் கடின வினாக்களை விரும்பி ஏற்கும் பள்ளிகளிலேயே நிலைத்தது. மனத்தை மட்டும் மாற்றினால் போதாது, சூழ அமர்ந்திருப்போரும் அதற்கு இடந்தர வேண்டும் என்பது அதன் சாரம். சன்மார்க்க சபையின் வரலாறு அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

மாணவன் தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்வதை இன்றைய கல்வியியலார் மூன்று படியாக வைத்துப் பேசுவர்: முன்னதாகத் திட்டமிடல், செய்யும்போது கண்காணித்தல், முடிந்தபின் மதிப்பிடல். கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இதனை ஒத்த முறையை வணிகர் வழக்கில் வைத்து விளக்கியுள்ளனர். மனத்தைத் தொழிற்பங்காளியாகக் கொண்டு, காலையில் அதனோடு உடன்படிக்கை செய்து, பகலெல்லாம் அதன்மீது கண்வைத்து, இரவில் இலாப நட்டக் கணக்குக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. ஈமானையும் நல்லொழுக்கத்தையும் நோக்கி அவர்கள் சொன்னதைப் பாடப் படிப்பிற்குப் பொருத்துவதில் பிழையில்லை எனக் கருதுகிறேன். இலங்கைக் கடையில் பேரேடு எழுதிப் பழகிய கதிரேசர்க்கும் இவ்வுவமை நன்கு விளங்கியிருக்கும்.

மண்ணியல் சிறுதேர்

பண்டிதமணியின் கல்வி கனிந்த இடம் அவருடைய மொழிபெயர்ப்புகள். சூத்ரகன் வடமொழியில் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தை அவர் தமிழில் தந்தார். நாடகத்தில் ஏழை வணிகன் சாருதத்தனின் சிறுமகன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் தன் மண்தேரை வெறுத்து அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களை அம்மண்தேரில் நிரப்பித் தருகிறாள். நாடகத்தின் பெயர் இந்நிகழ்ச்சியால் வந்தது. மிருத் என்பது மண். சகடிகம் சிறிய வண்டி. மூலத்தின் பெயரை ஒலிபெயர்த்து நிறுத்தாமலும், வசந்தசேனை என்று கவர்ச்சிப் பெயரிடாமலும், மண்ணியல் சிறுதேர் என்று அவர் பெயரிட்டார். மண்ணால் இயன்ற சிறிய தேர். மூலச் சொல்லின் உறுப்பு ஒவ்வொன்றும் தமிழில் இருக்கிறது; ஆயினும் அது தமிழ்ப் பெயராகவே ஒலிக்கிறது. மொழிபெயர்ப்புத் தாள் நடத்தும்போது இவ்வொரு பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதி ஒரு பாடவேளை முழுதும் மாணவரைப் பேசவிடுவது என் வழக்கம். மண்தேர் என்றால் என்ன குறைந்துவிடும், இயல் எதற்கு என்று தொடங்கும் பேச்சு தொகைநிலைத் தொடர் வரை சென்று முட்டும். இலக்கண வகுப்பில் உறங்குபவரும் அன்று விழித்திருப்பர்.

சுக்கிர நீதி, உதயண சரிதம், சுலோசனை முதலியனவும் அவர் தந்தவை. கௌடலீயத்தையும் அவர் தமிழாக்கினார். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1905-இல் மைசூரில் சாமசாத்திரியாரால் கண்டெடுக்கப்பட்டு 1909-இல் அச்சானது. மேலைச்சிவபுரிச் சபை தோன்றியதும் அதே ஆண்டே. அந்நூலின் வரி, எடை, படை, காவல் பற்றிய கலைச்சொற்களுக்குத் தமிழ் காண்பது எத்துணைக் கடினம் என்பதை மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோர் அறிவர். ஐந்து ஆண்டுகள் நாணமின்றி மாணவராக அமர்ந்ததன் விளைச்சல் இவை. திருவாசகத்தின் சில பகுதிகளுக்கு அவர் கதிர்மணி விளக்கம் என்னும் பேருரை வரைந்தார். கட்டுரைகள் உரைநடைக்கோவை என்னும் பெயரில் நூலாயின. அவர் உரைநடை நீண்ட வாக்கியங்களால் ஆனது. இக்கால மாணவர்க்கு மூச்சு வாங்கும். அது குறையென நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதலாண்டு மாணவரிடம் அதனைக் கொடுத்து அச்சுறுத்தவும் மாட்டேன்.

பல்கலைக்கழகத்தில்

1925-இல் பண்டிதமணி என்னும் பட்டம் அவரை வந்தடைந்தது; அதன்பின் இயற்பெயரைக் காட்டிலும் அப்பட்டமே வழங்கலாயிற்று. 1929-இல் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் சிதம்பரத்தில் எழுந்த பல்கலைக்கழகம் 1934-இல் அவரைத் தமிழாசிரியராக ஏற்றது. பட்டப்படிப்பு ஏதும் இல்லாத ஒருவர் பட்டம் வழங்கும் கழகத்தில் கற்பித்தார். பட்டச் சான்றும் தகுதித் தேர்வும் இன்றிக் கல்லூரி வாயிலை அணுக இயலாத இந்நாளில் இஃது இயலாது. சான்றிதழ் வேண்டாம் என நான் வாதிடவில்லை. என் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நானும் சட்டகமிட்டு மாட்டியே வைத்திருக்கிறேன்.

அவர் சிதம்பரத்திற்குத் தம்மோடு ஈர்த்தவருள் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, சிறுவனாகவே இரங்கூன் கடைக்கு வேலைக்குச் சென்றவர் மாணிக்கம். முதலாளி சொல்லச் சொன்ன பொய்யைச் சொல்ல மறுத்ததால் வேலையிழந்து ஊர் திரும்பினார். வேலையற்ற அவ்விளைஞரிடம் தமிழார்வம் இருப்பதைப் பண்டிதமணி கண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வித்துவான் வகுப்பில் சேர வழிசெய்தார். அவரே பின்னாளில் வள்ளுவம், தமிழ்க் காதல் முதலிய நூல்களை இயற்றி, 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய மூதறிஞர் வ. சுப. மாணிக்கனார். கடல்கடந்த கடையில் சிறுவயதிலேயே அமர்ந்து, தந்தையின்றித் திரும்பிய ஒருவர், அதே நிலையில் திரும்பிய மற்றொருவரை அடையாளம் கண்டுகொண்டார். திறமையைக் கண்டார் என்று சொல்வதைவிடத் தம் பழைய நிலையைக் கண்டார் என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பண்டிதமணிக்குச் சபை நடத்த வ. பழ. சா. உடன்பிறந்தாரின் பொருள் இருந்தது. பசியின்றிப் படிக்க ஒரு வீடு இருந்தது. புலவரைப் போற்றும் சமூகம் பின்னின்றது. மாணிக்கனார்க்குப் பண்டிதமணி இருந்தார். மாலையில் வலை உலர்த்தவோ கடையில் பொட்டலம் மடிக்கவோ செல்லும் நம் மாணவர்க்கு இவற்றுள் எது இருக்கிறது? அதனைச் சேர்த்துச் சொல்லாமல் ஏழு திங்கள் கதையை மட்டும் சொல்லி அவர்களை நிற்க வைப்பது நேர்மையன்று. நான் செய்தது நேர்மையன்று.

அதன்பின் எம் துறையில் புதன்தோறும் பிற்பகல் ஒரு வட்டம் அமர்கிறது. எட்டுப் பேருக்கு மேல் ஓர் வட்டத்தில் இல்லை. ஒரு பாடல் அல்லது ஒரு பத்தி. முதல் அரைமணி நேரம் நான் பேசுவதில்லை. இது எனக்குப் பெருந்துன்பம். புரியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அமர ஒருவருக்கும் இசைவில்லை; எந்தச் சொல்லில் நின்றார் என்று சொல்ல வேண்டும். முடிவில் ஒவ்வொருவரும் அன்று மாற்றிக்கொண்ட கருத்து ஒன்றைத் தம் குறிப்பேட்டில் எழுதுகின்றனர். சில வாரங்களில் வட்டம் நன்றாக அமைகிறது. சில வாரங்களில் வெறும் அரட்டை. அக்கடற்கரை மாணவன் இரண்டு பருவங்கள் தவறாமல் வந்தான். தவறிய தாள்களில் ஒன்றை அடுத்த முறையிலும் மற்றொன்றை அதற்கடுத்த முறையிலும் தேறினான்.

1942-இல் அரசு பண்டிதமணிக்கு மகாமகோபாத்தியாய என்னும் பட்டம் வழங்கியது. பத்தாண்டுகளுக்கு மேல் சிதம்பரத்தில் தமிழ்ப்பணி ஆற்றிய அவர் 24-10-1953 அன்று, எழுபத்திரண்டு வயது நிறைந்த சில நாட்களில் மறைந்தார். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1948-இல், புதுக்கோட்டைச் சமத்தானம் இந்தியத் திருநாட்டோடு இணைந்துவிட்டது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று.

பொன்னமராவதி, திருமயம், மேலைச்சிவபுரிப் பகுதிகளில் வாழும் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டகங்களிலும் சன்மார்க்க சபையின் ஆண்டு விழா அழைப்பிதழ், அறிக்கை, புகைப்படம் முதலியன கிடக்கக்கூடும். வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் இவை பழைய தாள் விலைக்குப் போய்விடுகின்றன. கிடைப்பவற்றை எம் தமிழ்த்துறை நூலகத்திற்குப் பார்வைக்கு அளித்தால், படியெடுத்துக்கொண்டு ஒரு திங்களுக்குள் திருப்பித் தருவோம். ஊன்றுகோலோடு வந்து அமர்ந்த அவர் எவ்வாறு வாதிட்டார், யார் அவரை மறுத்தனர் என்பதை அறியப் புதன்கிழமை வட்டத்து மாணவர் ஆவலோடு இருக்கின்றனர்.